புல்லுக்கு முன் மண்: புறக்கடையைச் சீர்செய்து கொடுத்த ஒரு தோட்டச் சேவை குறித்து

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பகுதியில், பல காலம் வாடகைக்கு விடப்பட்டுப் பின்னர் சில ஆண்டுகள் பூட்டியே கிடந்த எங்கள் வீட்டின் புறக்கடையைச் சீர்செய்து, அங்கே புல்தரை அமைப்பதற்கு நிலத்தைத் தயாரித்துக் கொடுக்கும் பணியைச் சென்ற கோடையின் தொடக்கத்தில் உள்ளூர்த் தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். இத்தகைய வேலைக்கு, புல் நட்ட வாரத்திலேயே படம் பிடித்துப் போட்டு ஐந்து நட்சத்திரம் வழங்கும் மதிப்புரைகள் பெரிதாக உதவுவதில்லை. நட்ட வாரத்தில் எந்தப் புல்தரையும் பச்சையாகத்தான் இருக்கும். கோடை மழை, ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை ஆகிய மூன்றையும் அந்த நிலம் தாங்கி முடித்த பிறகு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இவர்கள் செய்த வேலையின் வரிசையையும் அதற்கான காரணங்களையும் தெரிந்துகொண்டால், எந்த நிறுவனத்தை அழைத்தாலும் என்ன கேட்கவேண்டும் என்பது வாசகர்களுக்குப் புரியும்.

இடத்தின் அளவு ஏறத்தாழ இரண்டு சென்ட், அதாவது 870 சதுர அடி. மதில் ஓரமாக ஒரு நெல்லி, ஒரு கறிவேப்பிலை, தென்மேற்கு மூலையில் ஒரு மாமரம். மிச்சமெல்லாம் இடுப்பளவு பார்த்தீனியம், இடையிடையே துத்தி, நாயுருவி, எருக்கு, மதிலைப் பிடித்து ஏறிய கொடிகள், தரையோடு தரையாகக் கோரை. வீடு கட்டியபோது எஞ்சிய செங்கல் துண்டுகளையும் காரைக் கட்டிகளையும் அள்ளிக் கொட்டி மேலே அரை அடி மண்ணைப் பரப்பிவிடுவது நம் ஊர்க் கட்டுமானத்தில் எழுதாத வழக்கம். எங்கள் புறக்கடையும் அதற்கு விலக்காக இல்லை. அதன் அடியில்தான் உண்மையான மண், கரிசல், இருந்தது.

விலை கேட்பதற்காக வேறு சில நிறுவனங்களையும் அழைத்திருந்தோம். அவர்கள் நாடா வைத்து அளந்தார்கள், கைப்பேசியில் புல்வகைகளின் படங்களைக் காட்டினார்கள், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லிவிட்டு, இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று உறுதி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மட்டும் கடப்பாரையை வாங்கி நாலைந்து இடங்களில் குத்திப் பார்த்தார். எங்கே ‘டங்’ என்று ஒலிக்கிறது, எங்கே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டார். மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, காலை வெயில் எத்தனை மணிவரை விழுகிறது, கழிவுநீர்த் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் எங்கே இருக்கின்றன, பாத்திரம் துலக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்டார். புல்லைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. நாங்கள் கேட்டபோது, “மண்ணு தயாராகட்டுங்க, புல்லை அப்புறம் பேசிக்கலாம்” என்று முடித்துக்கொண்டார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னாலும் தவறில்லை.

அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலும் வேறு மாதிரி இருந்தது. களை நீக்கம், கழிவு சலித்து அகற்றல், கொத்துதல், உரம், மட்டம் எடுத்தல், புல் நடவு, நட்ட பின் மூன்று மாதப் பராமரிப்பு என ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருந்தது. நிலம் தயாரிக்கும் பகுதிக்கு மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். புல்லுக்கான தொகை அதில் பாதிகூட இல்லை. இந்த விகிதத்தைப் பார்த்து வீட்டில் முதலில் தயக்கம் எழுந்தது உண்மை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூடுதலாகவும், கண்ணுக்குத் தெரியும் புல்லுக்குக் குறைவாகவும் பணம் கேட்கும் பட்டியலை ஏற்பது எளிதாக இல்லை. ஆனால் புல்லின் வேர் இயங்கவேண்டிய மேல் அரை அடி மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே பின்வரும் பத்தாண்டுச் செலவும் அமையும் என்பதால், இந்த விகிதமே சரியான விகிதம் என்பது என் முடிவு.

முதல் கட்டமான களை நீக்கத்தில் அவர்களுடைய ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. ஆட்கள் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் காலணியும் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே உள்ளே இறங்கினார்கள். இறங்குவதற்கு முன் நீண்ட கழியால் புதரைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். பல ஆண்டுகள் ஆள் நடமாட்டமில்லாத புறக்கடையில், அதுவும் கல் குவியலும் எலி வளையும் இருக்கும் இடத்தில், நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ இருக்கக்கூடும் என்பது மிகையான அச்சமன்று. எங்கள் இடத்தில் கிடைத்தவை ஒரு சாரைப் பாம்பின் சட்டையும், மழைநீர் தேங்கிய பழைய டயர்களும், தேங்காய் ஓடுகளும்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய சிறு தேக்கங்களில் என்பதால், அவற்றை அன்றே அப்புறப்படுத்தினார்கள்.

பார்த்தீனியத்தை அவர்கள் கையாண்ட முறையில் ஒரு தெளிவு இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் புனேயில் கவனத்துக்கு வந்து பின்னர் நாடு முழுவதும் பரவிய இந்தச் செடி, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கக்கூடியது. தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குவது. பூத்த செடியைப் பிரஷ் கட்டர் என்ற புதர் வெட்டும் இயந்திரத்தால் அடித்தால் விதையும் மகரந்தமும் நாலு வீட்டுக்குப் பறக்கும். ஆகவே பூத்த செடிகளை முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கி, மறுநாள் வேரோடு பிடுங்கிச் சாக்குகளில் கட்டினார்கள். பூக்காதவற்றை மட்டும் மூலையில் குவித்து மக்கவைத்தார்கள். இயந்திரம் கடைசியில்தான் வந்தது. அண்டை வீட்டில் ஆஸ்துமா உள்ள முதியவர் ஒருவர் இருப்பதால், இந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்தது கட்டடக் கழிவு. ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, சரிவாக நிறுத்திய கம்பிச் சல்லடையில் மண்ணை வீசிச் சலித்து, கல்லையும் காரையையும் பிரித்தார்கள். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதி வேலை நடந்தது. ஜேசிபியை உள்ளே விடலாம் என்று நாங்கள் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடி மண்ணுக்குள் புதைந்திருந்ததையும், ஈரக் கரிசல் மண்ணின்மேல் கனமான இயந்திரம் ஓடினால் அது இறுகிப் பாறையாகிவிடும் என்பதையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். இரண்டும் சரியான காரணங்களே. தொட்டி மூடியைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி நான்கு முளைகள் அடித்துச் சிவப்பு நூல் கட்டினார்கள். பிற்பாடு உருளை இழுக்கும்போதும் அந்த எல்லைக்குள் போகவில்லை. மூடியைப் புல்லுக்கடியில் மறைக்காமல், மேலே ஒரு தொட்டிச் செடியை வைத்துக்கொள்ளும்படி விட்டிருப்பதும் நல்ல யோசனை. தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் புல்தரையை வெட்டி எடுக்கவேண்டிய நிலை அதனால் வராது.

சலித்தபின் மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். மேற்பரப்புக் குப்பையை நீக்கி, பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, கடைசியில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்பவேண்டும் என்பது வேளாண் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை. அதை அப்படியே பின்பற்றினார்கள். முடிவில் கார அமில நிலை (pH) எட்டுக்கு மேல், அதாவது காரப் பக்கமாக, இருந்தது. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில், அதுவும் சிமெண்ட் காரை கலந்த இடத்தில், இது எதிர்பார்க்கக்கூடியதே. உப்பின் அளவு அச்சப்படும்படி இல்லை, தழைச்சத்து குறைவு, சாம்பல் சத்து போதுமானது.

இங்கே அந்த நிறுவனத்தின் நேர்மையைக் குறிப்பிடவேண்டும். காரத் தன்மை என்றதும் ஜிப்சம் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஜிப்சம் வேலை செய்வது சோடியம் மிகுந்த களர் மண்ணில். சுண்ணாம்பினால் காரமான மண்ணில் அதைப் போட்டுப் பெரிய பயனில்லை. பரிசோதனை முடிவைக் காட்டி, ஜிப்சம் தேவையில்லை என்று சொல்லிப் பட்டியலிலிருந்து அந்த வரியை அவர்களே அடித்தார்கள். இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் புல் வெளிறக்கூடும், அப்போது அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதியும் கொடுத்தார்கள். பின்னர் மதில் ஓரத்தில் அது நடந்தது. தெளித்ததும் பச்சை திரும்பியது. மதிலின் அடித்தளத்தை ஒட்டிய மண்ணில் காரை இன்னும் மிச்சமிருப்பதால், அந்த ஓரத்தில் மட்டும் இது மீண்டும் வரும் என்றே எண்ணுகிறேன்.

இனி கோரை. இந்த மதிப்புரையில் நான் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான், ஏனெனில் கோவைப் பகுதியில் புல்தரை போட்டுக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் கோரையிடம் தோற்றவர்கள். கோரையை மேலே பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று எனச் சங்கிலியாக இருப்பதால், மேலே ஒரு முளை மட்டும் தெரியும்போது கீழே உள்ள மற்றவை உறங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியோ, மண்ணைக் கிளறிக் களை எடுக்கும் இயந்திரமான பவர் வீடரோ அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டால், உறங்கிய ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக முளைக்கும். அதாவது, கோரை நிறைந்த நிலத்தை ஒரே ஒருமுறை நன்றாகக் கொத்தி உடனே புல் விரிப்பது, கோரையைப் பதியன் போடுவதற்குச் சமம்.

இவர்கள் இதை எதிர்கொள்ளக் காலத்தைப் பயன்படுத்தினார்கள். முதலில் மண்ணைப் புரட்டி, வெளிவந்த கிழங்குகளைக் கையால் பொறுக்கி, மிச்சத்தைப் பங்குனி வெயிலில் காயவிட்டார்கள். கிழங்கின் ஈரம் வற்றினால் அது முளைக்கும் திறனை இழக்கும் என்பதால், மண் ஒருபுறம் காயும்போதே மறுபுறம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வேண்டுமென்றே தண்ணீர் பாய்ச்சினார்கள். புல்லே இல்லாத வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுவதைக் கண்டு எதிர்வீட்டு அக்கா சிரித்தார். ஆனால் நோக்கமே உறங்கும் கிழங்குகளையும் விதைகளையும் எழுப்புவதுதான். முளைத்து நாலைந்து இலை விட்டதும், கிழங்கின் சேமிப்பு குறைந்து புதுக்கிழங்கு தோன்றுவதற்கு முன், களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டி எடுத்தார்கள். இதே சுற்று மேலும் நடந்தது. கோடை மழை ஒன்று பெய்தது இலவச உதவியாயிற்று.

இரண்டு சுற்றுகளுக்கு இடையே, சித்திரை வெயிலின் உச்சத்தில், மண்ணை நனைத்து மட்டமாக்கி, மெல்லிய ஒளிபுகும் பாலித்தீன் விரிப்பை இழுத்து மூடி, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்து வைத்தார்கள். மண் சூரிய வெப்பமூட்டல் என்று வேளாண் கையேடுகள் சொல்வது இதைத்தான். விரிப்புக்கு அடியில் மேல்மண்ணின் வெப்பம் வெளிமண்ணைவிடப் பத்து டிகிரி அளவுக்கு உயரும். பார்த்தீனியம் போன்றவற்றின் விதைகளும், மண்வழி பரவும் சில பூஞ்சாணங்களும் இதில் அழியும். கறுப்பு விரிப்பு போடலாமே என்று கேட்டதற்கு, கறுப்பு தானே சூடாகுமே தவிர அடியில் உள்ள மண்ணுக்கு வெப்பத்தை அந்த அளவுக்குக் கடத்தாது என்று விளக்கினார்கள். ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கை இந்த முறை முழுவதும் ஒழிக்காது என்பதையும் அவர்களே சொன்னார்கள். விற்பவர் தன் சரக்கின் எல்லையைத் தானே சொல்வது அரிது.

களைக்கொல்லி குறித்தும் எழுதவேண்டும். கிளைபோசேட்டை வாங்கித் தெளித்துவிட்டால் வேலை எளிதாகுமே என்ற ஆலோசனை எங்களுக்குப் பலரிடமிருந்து வந்தது. அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணை வெளியிட்டது. ஆழ்துளைக் கிணறும் கறிவேப்பிலையும் இருக்கும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே எங்கள் விருப்பமாகவும் இருந்தது. நிறுவனம் அதற்கு இணங்கியது. இதனால் காலம் கூடியது, கூலியும் சற்றுக் கூடியது. பெரிய நிலப்பரப்பு உள்ளவர்களுக்கு இந்த வழி கட்டுப்படியாகாமல் போகலாம். இரண்டு சென்டுக்குக் கட்டுப்படியாகிறது.

குறைகளில் முதன்மையானது இந்தக் கட்டத்தில்தான் நிகழ்ந்தது. மேற்பார்வையாளர் வராத ஒரு நாளில், புதிதாக அனுப்பப்பட்ட ஆட்கள் வேலையை விரைவில் முடிக்கும் எண்ணத்தில் கிழக்குப் பக்கத்தில் பவர் வீடரை ஓட்டிவிட்டார்கள். அந்தப் பட்டையில் பத்து நாளில் கோரை பாய் விரித்தது. புகார் செய்ததும் மறுப்பின்றிக் கூடுதல் கூலி வாங்காமல் மீண்டும் தோண்டிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இன்றும் களை எடுக்கவேண்டியிருப்பது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். வேலையின் அறிவு ஒருவரிடமே குவிந்திருக்க, ஆட்கள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். முகூர்த்த மாதங்களில் ஆள் கிடைக்காத சிரமத்தை நான் அறிவேன். எனினும், எந்தக் கருவி இந்த நிலத்தில் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாலே இதைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது குறை உரத்தில். இரண்டு சென்ட் பரப்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு உரம் பரப்ப ஏறத்தாழ 145 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் வேண்டும். முதலில் வந்த வண்டியில் இருந்தது பாதி மக்கிய மாட்டு எருவும், மக்காத தென்னை நார்க்கழிவும். மக்காத எருவில் மாடு மேய்ந்த களைகளின் விதை உயிரோடு வரும். மாதக்கணக்கில் விதை முளைக்கவைத்து அழித்த மண்ணில் அதைக் கலப்பதில் பொருளே இல்லை. மக்காத நார்க்கழிவோ, கரிமம் மிகுந்து தழைச்சத்து குறைந்த பொருள் என்பதால், தான் மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். கையில் எடுத்துப் பிசைந்தபோது சாணத்தின் வாடை மாறாமல் இருந்ததால் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். சற்று முணுமுணுப்புக்குப் பின் திருப்பினார்கள். இரண்டாவதாக வந்தது மண்வாசனை வீசும், கறுத்துப் பொலபொலத்த தொழு உரம். அதனுடன் காளானின் உதவியால் மக்கவைத்த நார்க்கழிவும், கரையானையும் வேர்ப்புழுவையும் கருதி வேப்பம் புண்ணாக்கும் கலந்தார்கள். வண்டி வரும்போது வீட்டில் ஒருவர் இருந்து பார்த்து இறக்கவேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

கரிசலை இளக்க மணல் கலக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் அது இளகுவதற்குப் பதிலாகக் காய்ந்ததும் இன்னும் கெட்டிப்படும். பயன் தரும் அளவுக்குக் கலக்கவேண்டுமானால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருக்கவேண்டும். ஆற்றுமணல் கிடைக்கும் நிலையும் விலையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகவே உரம் மட்டும் போதும் என்று விட்டார்கள். கரிசலைக் கொத்துவதற்குப் பதம் பார்ப்பது அவர்களுக்கு நன்றாகக் கைவந்திருந்தது. ஒரு பிடி மண்ணை உருட்டி, தட்டினால் உதிர்ந்தால் கொத்தலாம், பிசுக்கென்று ஒட்டினால் கூடாது என்று சில நாள்கள் வேலையைத் தொடாமலே திரும்பிப் போயிருக்கிறார்கள். வந்து போன நாளுக்கும் கூலி கேட்கவில்லை.

மட்டம் எடுத்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். புல்தரை என்றால் தட்டையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிந்திருக்கவேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து மதிலை நோக்கி நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில், எங்கள் முப்பது அடி நீளத்துக்கு ஏறத்தாழ நான்கு அங்குலச் சரிவு வைத்தார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலால் அளந்து, முளை அடித்து நூல் கட்டி, வாரியால் இழுத்து, தண்ணீர் பாய்ச்சி, பள்ளம் விழுந்த இடங்களைச் சலித்த மண்ணால் நிரப்பி, மண் தானாக அமரும்வரை காத்திருந்து, அதன் பிறகே இலேசான உருளையை இழுத்தார்கள். சரிவின் முடிவில் சிறு வாய்க்கால் ஒன்றை எடுத்து மழைநீர்ச் சேகரிப்புக் குழியோடு இணைத்தார்கள். 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வெட்டப்பட்டுப் பின்னர் குப்பை மூடிக்கிடந்த குழி அது. அதைத் தூர்வாரிக் கூழாங்கல் நிரப்பியது பட்டியலில் இல்லாத வேலை. ஐப்பசியில் இரவெல்லாம் பெய்த மழைக்குப் பின் காலையில் பார்த்தபோது, முன்பு முழங்கால் தண்ணீர் நின்ற வடகிழக்கு மூலையில் தேக்கமே இல்லை.

எந்தப் புல் என்ற பேச்சு இதற்குப் பிறகுதான் வந்தது. கடைகளில் கொரியன் புல் என்று விற்கப்படும் சோய்சியா வகை அடர்த்தியானது, அடிக்கடி வெட்டவேண்டியதில்லை. ஆனால் மெதுவாகப் பரவும், வெயிலும் வேண்டும். அருகம்புல் வகைகள் வேகமாகப் பரவும், மிதிபட்டாலும் மீளும், வறட்சியைத் தாங்கும், நிழலில் நிற்காது. நிழலைப் பொறுப்பது அகன்ற இலையுடைய எருமைப்புல். ஊட்டியில் பார்க்கும் கிக்கியூ புல் குளிர்ந்த மலைக்கே உரியது. கோவைக்கு அதைப் பரிந்துரைப்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று மணமக்களை வாழ்த்தும் நாம், வயலில் கண்டால் பிடுங்கி எறியும் அந்த அருகையே பணம் கொடுத்து வாங்குவதில் எங்கள் பெரியம்மாவுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் குழந்தைகள் ஓடி ஆடும் இடத்துக்கு அதுவே பொருத்தம் என்பதால் வெயில்படும் பகுதி முழுவதற்கும் அருகையே தேர்ந்தோம். விரிப்பாக வாங்காமல், வேரோடு கூடிய துண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் ஊன்றும் முறையில் நட்டார்கள். விரிப்போடு ஒட்டிவரும் அயல்மண்ணில் கோரைக்கிழங்கு ஒளிந்திருக்கக்கூடும் என்பது ஒரு காரணம், செலவு இன்னொரு காரணம். ஆனி மாதம் நட்டது, ஆவணி முடிவதற்குள் தரையை மூடிவிட்டது.

மாமரத்தடியில் புல் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை முதலில் நாங்கள் ஏற்கவில்லை. எருமைப்புல்லையாவது போடலாமே என்றோம். அடர்ந்த மாநிழலும், ஆண்டு முழுவதும் உதிரும் சருகும், மேலாக ஓடும் வேரும் சேர்ந்தால் எந்தப் புல்லும் இளைத்துத்தான் போகும் என்று அவர்கள் உறுதியாக நின்றதால், அங்கே சருகு மூடாக்கும் இரண்டு கல் இருக்கைகளும் அமைந்தன. இதனால் புல்பரப்பு கிட்டத்தட்ட 600 சதுர அடியாகக் குறைந்தது; அவர்களுடைய வருமானமும் அந்த அளவுக்குக் குறைந்தது. தண்ணீரை எண்ணிப் பார்த்தால் இது நமக்கும் நல்லதே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கடுங்கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பரப்புக்கே நாளுக்கு ஏறக்குறைய 280 லிட்டர் ஆகிறது. குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில், உப்புச் சுவை கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிப் பெரிய புல்தரை போடுவது பொறுப்பான செயலாகத் தோன்றவில்லை. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, சில நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த அட்டவணையையே பின்பற்றுகிறோம்.

பராமரிப்புக் காலத்தில் அவர்கள் வருகை சீராக இல்லை. முதல் மாதம் சொன்ன நாளில் வந்தார்கள். பிறகு நாமே கைப்பேசியில் நினைவூட்டவேண்டியிருந்தது. முதல் வெட்டைத் தாமதித்துவிட்டு வந்து, ஒரேயடியாகத் தரையொட்ட வெட்டியதில் நடுப்பகுதி சில வாரம் வைக்கோல் நிறமாகத் தெரிந்தது. ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் அடிப்படைப் பாடம். நிலத்தை இவ்வளவு பொறுமையாகத் தயாரித்தவர்கள் இதில் அவசரப்பட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

கட்டணத்தில் ஒரே ஒரு பிணக்கு. சலித்து ஒதுக்கிய கட்டடக் கழிவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, வண்டி வாடகை யாருடையது என்பது பட்டியலில் தெளிவாக இல்லை. ‘அகற்றல்’ என்று எழுதியிருந்ததை நாங்கள் ஊருக்கு வெளியே எடுத்துச் செல்வது என்று புரிந்துகொண்டோம். அவர்கள் வாசலுக்கு வெளியே குவிப்பது என்று புரிந்துகொண்டார்கள். பேசித் தீர்த்து, வாடகையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தோம். இந்த வேலைக்கு யாரை அமர்த்தினாலும் அந்த ஒரு வரியை மட்டும் முன்கூட்டியே விரிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடைவழியில் ஏதாவதொரு குளக்கரையில் கொட்டிவிட்டுப் போகமாட்டோம் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நிலத் தயாரிப்புக்கு நான்கரை, நட்டபின் பராமரிப்புக்கு இரண்டரை. இல்லத் திருமணத்துக்கு முன் பச்சை வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு இவர்கள் ஒத்துவரமாட்டார்கள். பங்குனியில் அழைத்து ஆனிவரை வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் உள்ளவர்கள் தாராளமாக அழைக்கலாம். பராமரிப்புப் பகுதியை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல், மாதம் இருமுறை வரும் வேறொரு தோட்டக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம். இந்தத் தை முதல் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.